பாவாடையின் இடது குதிகால்

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குப் பாவாடை என்று பெயர் வைப்பார்கள். பாவாடைராயன் சாமிக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்றால் வேறு பெயர் பற்றிய பேச்சே கிடையாது. விருத்தாசலத்தில் தெருவுக்கு ஒரு பாவாடை இருந்தான், ஒருவரும் சிரித்ததில்லை. அது சிரிக்கத்தக்க பெயர் என்று எங்களுக்குக் கடலூர் மைதானத்தில்தான் தெரிந்தது.

1967 டிசம்பரில் மாவட்டப் பள்ளிக்கூடங்களுக்கான விளையாட்டுப் போட்டி. மைக்கில் பெயர் வாசித்தவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் போலிருக்கிறது. உயரம் தாண்டுகிறவர்களை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் எங்கள் ஆளின் பெயரில் நின்றுவிட்டார். மைக்கை மூடாமலே பக்கத்தில் இருந்தவரிடம், "இது பையன் தானுங்களா?" என்று கேட்டார். மைதானமே சிரித்தது. பாவாடை இரண்டு கையையும் தூக்கி, "பையன்தாங்க! நல்லா பாத்துக்குங்க!" என்று கத்திவிட்டு ஓடி வந்து கம்பைத் தாண்டினான். அவன் தாண்டியதற்கும் கம்புக்கும் நடுவில் ஒரு பூனை படுத்துத் தூங்கியிருக்கலாம். அதற்குமேல் யாரும் பெயரைப் பற்றிப் பேசவில்லை.

அந்த வருடம் அவனுக்கு இரண்டாவது இடம். முதலாவதாக வந்தவன் பள்ளிக்கூடம் முடித்துப் போகிறவன். ஆகவே, அடுத்த வருடம் நீதான்டா என்று எங்கள் டிரில் மாஸ்டர் ராஜமாணிக்கம் திரும்பி வரும் ரயிலிலேயே சொல்லிவிட்டார். நானும் அந்த ரயிலில் இருந்தேன். குண்டு எறியப் போயிருந்தேன். என் குண்டு எவ்வளவு தூரம் போனது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாத விஷயம்.

பாவாடை சும்மா நடந்து நான் பார்த்ததில்லை. வேலி இருந்தால் தாண்டுவான், மாட்டு வண்டியின் நுகத்தடி இருந்தால் தாண்டுவான், துணி காயப்போட்ட கயிறு இருந்தால் துணியோடு தாண்டுவான். அவன் அம்மா கொளஞ்சியம்மாள், "வாசல்னு ஒண்ணு வெச்சிருக்குது, அது வழியா வந்தா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கேட்பார். எதற்குத்தான் இப்படித் தாண்டுகிறாய் என்று நானும் கேட்டிருக்கிறேன்.

"மேல போயிட்டு எறங்கறதுக்கு முன்னால ஒரு எடம் இருக்குது பாரு," என்றான். "அங்க யாரும் நம்மள ஒண்ணும் கேக்க முடியாது. அது எனக்குப் புடிக்கும்."

எனக்குப் புரியவில்லை. குண்டு எறிகிறவனுக்கு அப்படி ஓர் இடம் இருப்பதில்லை.

அவன் அப்பா ஜம்புலிங்கம், ஊருக்கு வெளியே இருந்த பீங்கான் பட்டறைகளில் ஒன்றில் அச்சு ஊற்றுகிறவர். கோப்பையோ, ஊறுகாய் ஜாடியோ, பொம்மை யானையோ, எதைச் செய்வதானாலும் முதலில் அதற்கு பிளாஸ்டர் மாவில் அச்சு வேண்டும். மாவைத் தண்ணீரில் கரைத்து, மாதிரிப் பொருளின் மேல் ஒட்டாமல் இருக்க சோப்புத் தண்ணீர் தடவி, இரண்டு பாதியாக ஊற்றி எடுப்பார்கள். இரண்டு பாதியையும் சேர்த்து சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டி, உள்ளே களிக்கூழை ஊற்றினால் பொருள் தயார். ஜம்புலிங்கம் ஊற்றிய அச்சில் இணைப்புக் கோடு தெரியாது என்று பட்டறையில் சொல்வார்கள். மனுஷனுக்கு அந்தப் பெருமை உண்டு. வாயால் சொல்ல மாட்டார். ஆனால் யார் வீட்டில் டீ குடித்தாலும் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

மறு வருடம் மாசி மகம் முடிந்த மறுநாள் அந்தக் கெட்ட நேரம் வந்தது. பாவாடை பழகுவது எங்கள் ஊர் மணிமுத்தாற்று மணலில்தான். பள்ளிக்கூடத்தில் மணல் குழி என்ற பெயரில் இருந்தது நாய்கள் படுக்கும் இடம். மாசி மகத்துக்கு ஊர் ஊராக வந்த ஜனம் ஆற்றில் கூடியிருந்து, குடிக்கவும் குளிக்கவும் அங்கங்கே ஊற்று தோண்டிவிட்டுப் போயிருந்தது. அதில் ஒன்று பாதி தூர்ந்து, மேலே மணல் மூடிக் கிடந்தது. பாவாடை இடது காலால் எழும்புகிறவன். ஓடி வந்து எழும்ப வேண்டிய இடத்தில் இடது காலை ஊன்றினான், கால் முழங்கால்வரை உள்ளே போனது, உடம்பு மட்டும் முன்னால் போனது. சத்தம் எனக்குக் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளையை ஒடித்தால் கேட்குமே, அது.

ஆஸ்பத்திரியில் திருவிழாவுக்கு வந்து வாந்தி பேதியில் படுத்தவர்கள் வராந்தாவரை இருந்தார்கள். கணுக்காலுக்கு மேலே எலும்பு விட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டி, நாளைக்கே கடலூருக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டு போட்டுவிடுங்கள் என்றார்கள். ஜம்புலிங்கம் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டார்.

"மாவுக்கட்டுன்னா எந்த மாவுங்க?"

"பிளாஸ்டர் மாவுதான். வெள்ளையா இருக்கும்."

"தண்ணியில கலக்கினா சூடாயி இறுகுமே, அதுவா?"

"அதேதான்."

ஜம்புலிங்கம் வெளியே வந்து எங்களைப் பார்த்துச் சொன்னார். "அந்த மாவு நம்ம பட்டறையில மூட்ட மூட்டையா கெடக்குது. அத ஊத்தறதுதான் என் பொழப்பு. இதுக்குப் போயி கடலூருக்கு எதுக்கு?"

இது பட்டறைக்காரருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. கொளஞ்சியம்மாள்கூட, "அவரு கையால போட்டா நல்லாதான் இருக்கும்" என்றார்.

மாவு வந்தது. காலில் ஈரத்துணி சுற்றி, மேலே சோப்புத் தண்ணீர் தடவினார். நான் தோளைப் பிடித்துக்கொள்ள, கொளஞ்சியம்மாள் தலையை மடியில் வைத்துக்கொள்ள, ஜம்புலிங்கம் காலை மெதுவாக இழுத்து எலும்பை நேர்ப்படுத்தினார். பாவாடை துண்டைக் கடித்துக்கொண்டிருந்தான். அடுத்ததாக அவர் ஒரு காரியம் செய்தார். அச்சு வேலையில் முதல் பாடம், உள்ளே இருக்கும் பொருள் எங்கும் மாட்டாமல் கழன்று வர வேண்டும் என்பது. மடங்கின பாதம் மாட்டும், நீட்டின பாதம் மாட்டாது. ஆகவே அவர் மகனின் பாதத்தைக் கீழ்ப்பக்கமாக நன்றாக நீட்டி, முழங்காலும் கட்டைவிரலும் ஒரே கோட்டில் வரும்படி வைத்து, இரண்டு பாதியாக ஊற்றி, டியூப் பட்டையால் கட்டினார்.

தெருவே வந்து பார்த்தது. ஈரப் பஞ்சால் துடைத்து வழவழவென்று ஆக்கியிருந்தார். பட்டறையில் எல்லா அச்சிலும் அடையாளம் கீறுவார்கள். பழக்கதோஷத்தில் இதிலும் ஆணியால் 'பா' என்று கீறிவிட்டார். "ஒனக்கு ஒரு தம்பி வேணும்னா இதுலயே ஊத்தி எடுத்துக்கலான்டா" என்று நான் சொன்னேன். வலியோடு வலியாக அவன் சிரித்தான்.

வாரத்துக்கு ஒருமுறை ஜம்புலிங்கம் பட்டையை அவிழ்த்து, பாதியைத் திறந்து, தோலைத் துடைத்து, மறுபடி மூடினார். சித்திரையில் ஒரேயடியாகக் கழற்றினார். எலும்பு கூடியிருந்தது. பாவாடை என் தோளைப் பிடித்து எழுந்து நின்றான். வலது கால் தரையில் நின்றது. இடது கால் விரல்களின் மேல் நின்றது. குதிகாலை இறக்கப் பார்த்தான். இறங்கவில்லை. ஜம்புலிங்கம் குனிந்து அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். தரைக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு செங்கல்லைச் சொருகலாம். அந்த இடைவெளி அப்படியே நின்றது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தடவிப் பார்த்தார். "எலும்பு அழகா சேந்திருக்கு. ஆனா பாதத்த எந்த மகானுபாவன் இப்படி நீட்டி வெச்சுக் கட்டினது? மடக்கி இல்ல வெச்சிருக்கணும். பின்னங்கால் நரம்பு சுருங்கிப்போச்சு."

"நான்தாங்க," என்றார் ஜம்புலிங்கம்.

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். மேற்கொண்டு திட்டவில்லை. தினமும் நீட்டி நீட்டிப் பழக்கு, கொஞ்சம் இறங்கலாம், முழுதும் இறங்குமா என்று சொல்ல முடியாது என்று பாவாடையிடம் மட்டும் சொன்னார். தாண்டலாமா என்று பாவாடை கேட்டான். முதலில் நடக்கப் பார் என்றார்.

எனக்கு ஜம்புலிங்கத்தின் மேல் வந்த கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை. கடலூருக்கு ரயில் ஓடுகிறது, ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். தன் கை மேல் இருந்த நம்பிக்கை ஒரு பையனின் காலைத் தின்றுவிட்டது. ஆனால் அதற்கு அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட தண்டனையைப் பார்த்த பிறகு, கோபத்தை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அச்சு ஊற்றுவதை நிறுத்திவிட்டார். பட்டறையில் முதலாளி கேட்டும், கூட வேலை செய்கிறவர்கள் கேட்டும், மாவு மூட்டைப் பக்கமே போகவில்லை. சூளையில் சரக்கு அடுக்குகிற இடத்துக்குப் போய், சின்னப் பையன்கள் செய்யும் வேலையைச் செய்தார். டீக்கடையில் கோப்பையைக் கவிழ்த்துப் பார்ப்பதும் நின்றுவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போதே பாவாடை பேச்சை எடுத்தான்.

"ஏம்பா, அச்ச வுட்டுட்டு சூளையில இன்னா பண்ற?"

"இந்தக் கையால இனிமே ஒண்ணும் ஊத்த மாட்டன் சாமி. மண்ணு சுருங்கினா சுருங்கினதுதான். சூளையில போயி வந்தத யாரு நீட்ட முடியும்?"

"நான் இன்னும் வேவாத மண்ணுப்பா," என்றான் பாவாடை. "டிசம்பர்ல கடலூர்ல நான் தாண்டறேன். குதிகால் தரையில பட, ஒன் முன்னால நடந்து காட்டறேன். அப்ப நீ திரும்ப அச்சு ஊத்தணும். சரியா?"

ஜம்புலிங்கம் இரண்டு நாள் கழித்து களிமண்ணில் ஆப்பு மாதிரிச் சரிவான துண்டுகள் செய்து, சூளையில் சுட்டு எடுத்து வந்தார். முதல் துண்டு செங்கல் உயரம். அடுத்தது அதைவிடக் கொஞ்சம் குறைவு. இப்படிக் குறைந்துகொண்டே போய், கடைசித் துண்டு விரல் பருமன். குதிகாலின் கீழே முதல் துண்டை வைத்து நின்று, அழுத்தி அழுத்தி, அது லேசாகத் தோன்றியதும் அடுத்ததற்கு மாற வேண்டும். டாக்டரிடம் கேட்டுத்தான் செய்தார். இந்தத் தடவை கேட்டார்.

பதினோராம் வகுப்பு முழுவதையும் பாவாடை நின்றுகொண்டேதான் படித்தான். கடைசி பெஞ்சுக்குப் பின்னால், சுவரில் கை வைத்து, ஆப்பின் மேல் குதிகாலை அழுத்திக்கொண்டு நிற்பான். புதிதாக வந்த கணக்கு வாத்தியார், யாரோ தண்டனை கொடுத்து நிற்கவைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வாரம் கழித்து, "போதும்பா, உக்காரு, மன்னிச்சாச்சு" என்றார். காலையில் ஆற்றங்கரைச் சரிவில் மேல்நோக்கி நடப்பான். கண்ணில் நீர் முட்டும், துடைத்துக்கொண்டு மறுபடி கீழேயிருந்து தொடங்குவான். ஆடி போய் ஆவணி வந்தது. துண்டுகள் ஒன்றொன்றாகப் பரணுக்குப் போயின. புரட்டாசியில் கையில் இருந்தது கடைசித் துண்டு ஒன்றுதான்.

ஆனால் தாண்ட முடியவில்லை. இடது காலை ஊன்றினால் உடம்பு எழும்பவில்லை. கட்டிலின் கால் மாதிரி நின்றது. இடுப்பு உயரக் கம்பைக் கூட இடித்துத் தள்ளினான். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் அதைத் தாண்டிக் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். ராஜமாணிக்கம் சார் அவனைத் தனியே அழைத்து, இந்த வருடம் வேறு பையனைப் பார்த்துக்கொள்கிறேன், மனசு விடாதே என்றார். மனசு விடாமல் வேறு எதை விடுவது?

அந்தச் சமயத்தில்தான் மெக்சிகோவில் ஒலிம்பிக் நடந்தது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் எல்லாரையும் போல் தாண்டாமல், கம்புக்கு முதுகைக் காட்டி மல்லாக்க விழுந்து தங்கம் வாங்கிவிட்டான் என்று பேப்பரில் படத்தோடு வந்தது. டீக்கடையில் அந்தப் பேப்பரை பாவாடை நெடுநேரம் கையில் வைத்திருந்தான். மறுநாள் ஆற்று மணலில் அதே மாதிரி மல்லாக்க விழுந்து பார்த்து, மூச்சு அடைத்துப்போய், நான் முதுகில் குத்தி எழுப்ப வேண்டியதாயிற்று. வெள்ளைக்காரன் மெத்தையில் விழுந்தான், நீ மணலில் விழுகிறாய் என்று திட்டினேன். அவன் மணலைத் துப்பிவிட்டு உட்கார்ந்தான்.

"அது போவட்டும்டா. அவன் எப்படி வேணும்னாலும் தாண்டலாம்னு இல்ல காட்டிட்டான்? நான் ஏன் எடது கால்லயே எழும்பணும்? எந்தக் கால்ல எழும்பினன்னு கம்பு கேக்கவா போவுது?"

சொல்வது சுலபம். இடது காலால் எழும்புகிறவன் வலது காலுக்கு மாறுவது, வலது கையால் எழுதுகிறவன் இடது கையால் பரீட்சை எழுதுகிற மாதிரி. ஓடி வருகிற பக்கம் மாற வேண்டும், முதலில் தூக்குகிற கால் மாற வேண்டும். கம்புக்குப் பக்கத்தில் வந்ததும் பழைய கால் தானாக முன்னால் வந்து நிற்கும். மாட்டை வண்டியில் இடம் மாற்றிப் பூட்டினால் பழைய பக்கத்துக்கே இழுக்குமே, அப்படித்தான் இருந்தது. ஐப்பசி மழையில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பட்டறைக்குப் பின்னால் உடைந்த ஜாடிகள் கொட்டுகிற மேட்டைச் சுத்தம் செய்து, வைக்கோல் போட்டு, அங்கே பழகினான். நான் ஒரு முனை, சுவரில் அடித்த ஆணி ஒரு முனை என்று கயிறு பிடித்தோம். வாயை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது என் வாழ்க்கையில் அந்த மாதம் மட்டும்தான்.

கார்த்திகை கடைசியில் ராஜமாணிக்கம் சாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினோம். பாவாடை என் கழுத்து உயரக் கயிற்றை வலது காலால் எழும்பித் தாண்டினான். சார் அவன் இடது காலையே பார்த்தார்.

"வலிக்குதாடா?"

"எறங்கும்போதுதான் சார். ஏறும்போது இல்ல."

பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

1968 டிசம்பர். அதே கடலூர் மைதானம். ஜம்புலிங்கம் வந்திருந்தார். மகன் தாண்டுவதை ஆற்றில்கூட அவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. வெள்ளை வேட்டி உடுத்து, கயிற்றுக்கு வெளியே முன்வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை மைக்கில் வாசித்தவர் பாவாடையின் பெயரை நிறுத்தாமல் வாசித்தார். பக்கத்து மாணவர்கள் சிலர் வழக்கம்போல் சிரித்தார்கள். ஜம்புலிங்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்ததில் அடங்கிப்போனார்கள்.

பாவாடை இடப்பக்கத்திலிருந்து ஓடி வந்தான். போன வருடம் தாண்டிய உயரத்தில் இரண்டு தடவை கம்பு விழுந்தது. மூன்றாவது தடவை போகும்முன் அப்பாவைப் பார்த்தான். அவர் கையைக் கூப்பி வைத்திருந்தார், சாமியைப் பார்த்தா மகனைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடி வந்தான். எழும்பினான். மேலே போய் இறங்குவதற்கு முன்னால் இருக்கிற அந்த இடத்தில் அவனை நான் பார்த்தேன். கம்பு ஆடியது, விழவில்லை.

அதற்குமேல் உயர்த்தியபோது அவனால் முடியவில்லை. மூன்றாவது இடம். மாநிலப் போட்டிக்கு முதல் இரண்டு பேர்தான் போக முடியும். நான் தகரக் கொட்டகையின் தூணை எட்டி உதைத்து என் கட்டைவிரலைப் பெயர்த்துக்கொண்டேன். ஆனால் அப்பாவும் மகனும் மாநிலப் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜம்புலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"நடந்து காட்டறேன்னு சொன்னியே சாமி?"

பாவாடை அவர் முன்னால் நடந்தான். போனான், திரும்பி வந்தான். இரண்டு குதிகாலும் தரையில் பட்டன. ஜம்புலிங்கம் உட்கார்ந்த இடத்திலேயே துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திங்கட்கிழமை காலையில் மாவு மூட்டையை அவிழ்த்தார் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள்.

பள்ளிக்கூடம் முடித்து எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. திருச்சிப் பக்கம் போய்விட்டேன். பாவாடை அதே பட்டறையில் கோப்பைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தான். அப்பாவும் மகனும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒரு பெண் பிறந்தாள். காணும் பொங்கல் அன்று பட்டறைக்காரர்கள் நடத்தும் விளையாட்டில் ஒவ்வொரு வருடமும் உயரம் தாண்டினான். நானும் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்கு வந்துவிடுவேன். ஜம்புலிங்கம் முன்வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். பாவாடை தாண்டிவிட்டு, அவர் முன்னால் நடந்து போய்த் தண்ணீர் குடிப்பான். டீக்கடையில் அவர் மறுபடி கோப்பையைக் கவிழ்த்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

1976 ஐப்பசியில் ஜம்புலிங்கம் காய்ச்சலில் படுத்து, ஒரு வாரத்தில் போய்விட்டார். தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது பாடை கிளம்பிவிட்டது. பின்னால் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். முன்னால் பாவாடை கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு நடந்தான். ஆற்றுக்குப் போகும் பாதை மழையில் நனைந்து சேறாக இருந்தது. அவனுடைய வலது கால் பதிந்த இடத்தில் முழுப் பாதம் தெரிந்தது. இடது கால் பதிந்த இடத்தில் விரல்களும் முன்பாதமும் மட்டும் தெரிந்தன. நான் அவன் காலைப் பார்த்தேன். குதிகால் தரையைத் தொடவில்லை. விரல் பருமனுக்கு மேலேயே நின்றது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு அவனைக் கேட்டேன்.

"எப்பலேருந்துடா இப்படி?"

"எப்பவுமே அப்படித்தான்," என்றான். "கடைசித் துண்டு எறங்கவே இல்ல. முட்டியப் பின்னால தள்ளி, பாதத்தக் கொஞ்சம் வெளிய திருப்பினா குதிகால் தரையில படும். வலிக்கும். அப்பா பாக்கறப்பல்லாம் அப்படி நடந்தேன். இல்லன்னா அவரு மறுபடியும் சூளைக்குப் போயிருப்பாரு."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னடா?"

"ஒங்கிட்ட சொன்னா தண்டோரா போட்ட மாதிரி இல்ல?"

நியாயம்தான். கடலூரிலிருந்து எண்ணினால் எட்டு வருடம். பட்டறைக்குப் போகவும் வரவும், சோறு தின்ன எழுந்திருக்கவும், தண்ணீர் மொள்ளவும், தகப்பன் கண் படுகிற இடமெல்லாம் அந்தக் குதிகாலை இவன் அழுத்தி அழுத்தி மிதித்திருக்கிறான்.

கொளஞ்சியம்மாள் சுவரோரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்.

"அவருக்குத் தெரியும்டா."

பாவாடை திரும்பிப் பார்த்தான்.

"கோப்பையில மயிரு மாதிரி விரிசல் இருந்தா கண்டுபுடிக்கற மனுசன். ஒன் செருப்பப் பாத்தா தெரியாதா? வலது செருப்புல குதிகாலு தேஞ்சு ஓட்ட வுழும். எடது செருப்புல அங்க புதுசாவே இருக்கும். மொத வருசமே என்கிட்ட காட்டினாரு. அப்ப ஏன் இன்னும் அச்சு ஊத்தற, வுட்டுடறதுதானன்னு நான்தான் கேட்டேன். 'அவன் அவ்ளோ வலியில மிதிக்கறான். நான் ஊத்துலன்னா அவன் மிதிச்சதுக்கு என்னா மரியாத'ன்னாரு."

பாவாடை வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தான். குனிந்து இடது செருப்பை எடுத்து, குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினான். பிறகு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். சுடுகாட்டில்கூட அவன் அப்படி அழவில்லை.

அந்த வருடம் அவர்கள் வீட்டில் பொங்கல் இல்லை. துக்க வீட்டில் பானை வைக்க மாட்டார்கள். காணும் பொங்கல் அன்று நான் மட்டும் விளையாட்டைப் பார்க்கப் போனேன். பெயர் கொடுத்த பையன்கள் எல்லாம் தாண்டி முடித்து, கம்பை எடுக்கப் போகிற நேரத்தில் பாவாடை வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தான். இடது குதிகாலைத் தூக்கிக்கொண்டு, விந்தி விந்தி, கூட்டத்தின் நடுவில் நடந்து வந்தான். பட்டறையில் அவனோடு ஏழெட்டு வருடம் வேலை செய்தவர்கள் அந்த நடையை அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள்.

"கால்ல என்னாச்சுண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஒண்ணும் ஆவல. இது இப்படித்தான்."

முன்வரிசையில் ஜம்புலிங்கம் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. பாவாடை அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. கம்பைக் கடலூர் உயரத்தில் வைக்கச் சொன்னான். அவனுக்கு அப்போது வயது இருபத்தைந்து, உடம்பு கனத்திருந்தது. இனி இதை யாருக்காகத் தாண்டுகிறான் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அவன் இடப்பக்கத்திலிருந்து விந்தி விந்தி ஓடி வந்து, வலது காலை ஊன்றி எழும்பினான். இடுப்பு தட்டி, கம்பு அவனோடு சேர்ந்து வைக்கோலில் விழுந்தது.

கூட்டம் கலையத் தொடங்கியது. பாவாடை வைக்கோலைத் தட்டிவிட்டு எழுந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் மணிமுத்தாற்றில் பார்த்திருக்கிறேன், கால் ஒடிந்த அந்த மாசி மகத்துக்கு முன்னால். கீழே கிடந்த கம்பை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"வைடா. இன்னொரு தடவ."